“வால்வைக் கழட்டிப் போடு” என்கிற மகா வைத்தியம்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரனூர் டோல்கேட் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. ஊரிலிருந்து திரும்பும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஓரமாக ஒரு பழைய கார், பானெட்டைத் திறந்தபடி ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். பக்கத்தில் கையில் தண்ணீர் பாட்டிலோடு குடும்பத் தலைவர். பின்சீட்டில் வியர்த்துப்போன குழந்தைகள். கிடைத்த நிழலில் பாட்டி.

அடுத்து நடப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஐந்து நிமிடத்தில் நாலு பேர் கூடுவார்கள். நாலு பேரும் நாலு வைத்தியம் சொல்வார்கள்.

“ரேடியேட்டர் அடைச்சிருக்குங்க.”

“ஹெட் கேஸ்கெட் அவுட்டு.”

“முதல்ல அந்த வால்வைக் கழட்டிப் போடுங்க சார்.”

கடைசியாக வருபவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். “பழைய வண்டி சார், சூடாகத்தான் செய்யும். பேசாம வித்துடுங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் இந்தச் சண்டை. அது கேட்க அனுபவஸ்தர் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் அது வடிகட்டின சோம்பேறித்தனம். ஒரு கார் சூடாவதற்கு வயது காரணமே இல்லை. அடைத்துப்போன குழாய் காரணம். சுற்றாத ஃபேன் காரணம். ரப்பர் நைந்த மூடி காரணம். இவையெல்லாம் பழைய காரில் அதிகம் வரும், உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, இடம் உண்டு, கண்டுபிடிக்க வழி உண்டு. “வயசாயிடுச்சு” என்று சொல்லும் டாக்டரிடம் யாராவது இரண்டாவது முறை போவார்களா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என்ஜின் என்பது அடிப்படையில் ஓர் அடுப்பு. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மீதியில் ஒரு பெரிய பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடு போகிறது. இன்னொரு பெரிய பங்கைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கி வைக்க வேண்டும். பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் வால்வு வழியைத் திறந்து மூடுகிறது. ரேடியேட்டர் காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கிறது. வண்டி நிற்கும்போது காற்று இல்லாததால் ஃபேன் காற்றை இழுக்கிறது. மேலே இருக்கும் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கச் செய்கிறது. மொத்தம் ஐந்தே ஆட்கள். இந்த ஐந்து பேரில் யார் வேலைக்கு வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் கேள்வி. இதற்கு எதற்கு ஜோசியம்?

முதல் சாட்சி காரின் சொந்தக்காரர்தான். ஆனால் அவரிடம் யாரும் விசாரிப்பதில்லை. “எப்ப சூடாகுது?” என்ற ஒரே கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

டோல்கேட்டில் நின்றால் முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறது என்றால் சந்தேகம் முதலில் ஃபேன் மேல். காற்று கிடைத்தால் சரியாகிறது என்று வண்டியே வாக்குமூலம் கொடுக்கிறது.

நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-ல் பிடித்துப் போகும்போது மட்டும் முள் ஏறினால் ஃபேனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அந்த வேகத்தில் காற்று தானாக வருகிறது. தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீரே குறைவாக இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென்று ஏறினால் வால்வு மூடியபடியே சிக்கியிருக்கலாம், தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், நிஜமாகவே கேஸ்கெட் போயிருக்கலாம்.

முள் மட்டும் சிவப்பில், ஆனால் ஆவியும் இல்லை, ஹோஸும் சாதாரணச் சூடுதான் என்றால்? மீட்டரோ, சென்சாரோ, எர்த் வயரோ பொய் சொல்கிறது. பொய் சொல்லும் மீட்டருக்காக நல்ல ரேடியேட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம்.

இந்த நாலு கேள்விக்கும் செலவு? பூஜ்யம். ஆனால் கேட்க மாட்டார்கள். நேராக ஸ்பேனரை எடுப்பார்கள்.

இப்போது அந்த மகா வைத்தியத்துக்கு வருவோம். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது. இதற்குச் சொல்லப்படும் காரணம் மிகப் பிரசித்தம். “இது குளிர் நாட்டுக்காரனுக்கு வெச்சது சார். நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?”

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் செங்கல்பட்டில் 40 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். வால்வு திறக்கும் சூடு சுமார் 80 முதல் 90 டிகிரி. நமக்குத்தான் 40 டிகிரி கொதிக்கும் வெயில். என்ஜினுக்கு அது மார்கழிக் குளிர்! அந்த என்ஜின் தன் வேலை செய்யும் சூட்டுக்கு வர இன்னும் 40, 50 டிகிரி ஏற வேண்டும். அதைச் சீக்கிரம் ஏற்றுவதும், ஏறிய பிறகு அங்கேயே நிறுத்துவதும்தான் வால்வின் வேலை. லண்டனுக்கும் சிங்கப்பெருமாள்கோயிலுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

கழற்றிப் போட்டால் என்ன ஆகும்? நல்ல வேகத்தில் போகும்போது என்ஜின் தன் சூட்டுக்கே வராது. ஈ.சி.யூ. உள்ள காராக இருந்தால், “இன்னும் குளிராகத்தான் இருக்கிறேன்” என்று நினைத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும். ஆயில் சரியாகக் காயாமல் அதில் ஈரம் தங்கிச் சேறு கட்டும். சிலிண்டர் தேய்மானம் கூடும். இதெல்லாம் ஒரே நாளில் தெரியாது என்பதுதான் இந்த வைத்தியத்தின் வெற்றி ரகசியம்.

இன்னொரு வேடிக்கை உண்டு. சில என்ஜின்களில் வால்வு திறக்கும்போது அதன் அடிப்பக்கம் ‘பைபாஸ்’ எனும் குறுக்கு வழியை மூடும். தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகட்டும் என்பதற்காக. அதில் வால்வைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூட்டோடு சூடாகத் திரும்பி வரும். லோடு ஏற்றினால் முன்பைவிட அதிகம் சூடாகும். சூடு குறையக் கழற்றியது சூட்டைக் கூட்டும். மருந்தே விஷம் :-)

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுரோட்டில் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால், அதைக் கழற்றிவிட்டு வீடு போய்ச் சேர்வது புத்திசாலித்தனம். தப்பே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு புதுசு வாங்கிப் போடாமல் அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுவதுதான் தப்பு. முதலுதவிக் கட்டோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அது.

அதுவும் அந்த வால்வு குற்றவாளியா இல்லையா என்று பார்ப்பது எவ்வளவு சுலபம்! பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, அடுப்பில் ஏற்றினால் போதும். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே திறக்க வேண்டும். ஆற வைத்தால் மூட வேண்டும். திறந்து மூடினால் அது நிரபராதி. ரசம் வைக்கிற நேரத்தில் முடிந்துவிடும் விசாரணை. இதைக்கூடச் செய்யாமல் தூக்குத்தண்டனை கொடுப்பது என்ன நியாயம்?

இரண்டாவது வைத்தியம் தண்ணீர். “கூலன்ட் எல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்கற வேலை சார், தண்ணி ஊத்துங்க போதும்.”

எந்தத் தண்ணீர்? செங்கல்பட்டுப் பக்கத்து போர் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காத வீடு குறைவு. அதே வெள்ளைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. மேலே பார்த்தால் ரேடியேட்டர் பளபளவென்று இருக்கும், உள்ளே பாதிக் குழாய் அடைந்திருக்கும்.

கடற்கரைப் பக்கம் போனால் கதை இன்னும் மோசம். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் உள்ள அந்த மணல் பட்டையில் பல இடங்களில் கிணற்று நீரில் உப்பு தட்டும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெம்மேலியில் அரசாங்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2013-ல் திறந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டரில் இன்னொன்று. உப்பை எடுக்க இத்தனை கோடி செலவழிக்கிற கரையில், உப்புத் தண்ணீரை வாளியில் மொண்டு என்ஜினுக்குள் ஊற்றுகிறோம்!

ஊற்றினால் என்ன ஆகும் என்பது பிளஸ் டூ வேதியியல். என்ஜினின் ஹெட் அலுமினியம். சில கார்களில் பிளாக் இரும்பு. பழைய ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் நடுவில் உப்புக் கரைசலும் இருந்தால் அதற்குப் பெயர் பேட்டரி. அலுமினியம் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். கூலன்ட்டில் இருக்கும் முக்கியமான சரக்கு உறையாமல் வைக்கும் கிளைகால் மட்டும் இல்லை. துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. நம் ஊரில் தண்ணீர் உறையாது, சரி. துருவுமா துருப்பிடிக்காது?

“தண்ணியிலேயே எல்லாம் ஓடும்” என்பவர்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தைப் பார்க்கலாம். 1984-ல் ஓட ஆரம்பித்த அணுமின் நிலையம். வாசலிலேயே வங்காள விரிகுடா. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத இடம். ஆனாலும் அந்தக் கடல்நீர் வெளிச்சுற்றில், நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கு மட்டும்தான். உலைக்குள் சுற்றுவது கனநீர். நீராவிச் சுற்றில் ஓடுவது உப்பு நீக்கிச் சுத்தம் செய்த நீர். கடலையே பக்கத்தில் வைத்திருப்பவர்கள் உள்சுற்றில் சுத்தமான நீரைத்தான் விடுகிறார்கள். இரண்டு வாளி கூலன்ட்டுக்குக் கணக்குப் பார்க்கும் நாம் எந்தத் தைரியத்தில் போர் தண்ணீரை ஊற்றுகிறோம்?

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. கற்பனைதான், ஆனால் நம்ப முடியாத கற்பனை இல்லை.

செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர்டு ஐகான் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இதே மாவட்டத்துப் பிள்ளை அந்தக் கார். மறைமலைநகர் தொழிற்சாலையில் 1999 முதல் வந்தது. பேப்பர் கட்டு ஏற்றவும், வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் போகவும், வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் மாமல்லபுரம் காட்டவும் அதுதான். புதுக் கார் அவர் கணக்கில் இல்லை.

டிராஃபிக்கில் நின்றால் முள் ஏறுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார். முதல் நாள் வால்வு கழற்றப்படுகிறது. மார்கழி மாதம், அதனால் இரண்டு மாதம் நன்றாக ஓடுகிறது. “பாத்தீங்களா சார்!” சித்திரையில் மறுபடி சூடு. புது ரேடியேட்டர். மறுபடி சூடு. புது வாட்டர் பம்ப். மறுபடி சூடு. இதற்குள் நாலைந்து முறை முள் சிவப்பைத் தொட்டபடியே வீடு வரை ஓட்டியிருக்கிறார். அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் நிஜமாகவே போகிறது. முதல் நாள் டோல்கேட்டில் ஒருவர் பொய்யாகச் சொன்ன வியாதி ஆறு மாதத்தில் உண்மையாகிவிட்டது! ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேசிங் போட்டு, மறுபடி ஏற்ற ஆகும் செலவைக் கேட்டதும் மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு காயலான் கடைக்கு போன் செய்கிறார்.

உண்மையான குற்றவாளி யார்? ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் வயரின் கனெக்டர். கடற்காற்றில் பச்சை பூத்து, கரன்ட் போகாமல் கிடந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போயிருக்கும். அல்லது சில நூறு ரூபாய்க்குப் புது கனெக்டர். “நின்றால் சூடாகுது, ஓடினால் சரியாகுது” என்று முதல் நாளே வண்டி சொன்னது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அதே ஐகான் வேறொரு மாதிரியும் சூடாகலாம். அதன் ரோகாம் என்ஜினில் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடு பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் சூடு பட்டு விரிசல் விட்டுக் கசிவது இந்தக் கார் வைத்திருப்பவர்கள் நன்றாக அறிந்த விஷயம். அதில் அறிகுறியே வேறு: தண்ணீர் குறைந்துகொண்டே வரும், என்ஜின் ஓரத்தில் காய்ந்த கறை இருக்கும். அறிகுறி வேறு, நோய் வேறு, மருந்து வேறு. ஆனால் நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம்.

இங்கேதான் பலர் மெக்கானிக்கைத் திட்ட ஆரம்பிப்பார்கள். அது பாதிதான் நியாயம். மீதிப் பாதி யார் தெரியுமா? நாம்தான்.

ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆறின என்ஜினைத் திறந்து பார்த்து, ஃபேனை ஓடவிட்டு, மூடியைச் சோதித்து, கடைசியில் “இந்த வயரைத் தேய்ச்சேன், சரியாயிடுச்சு, 500 ரூபா குடுங்க” என்று சொன்னால் என்ன நடக்கும்? “வயரைத் தேய்ச்சதுக்கு 500-ஆ?” என்று கடையே இரண்டாகும். அதே ஆள் 5,000 ரூபாய்க்கு ரேடியேட்டரை மாற்றி, பழையதைக் கையில் கொடுத்து, கூலி 1,000 கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்போம். கண்ணால் பார்க்கிற சாமானுக்குக் காசு. மூளைக்குக் காசு இல்லை. அப்புறம் மூளை எப்படி வேலைக்கு வரும்?

எந்தச் சரக்குக்கு விலை இல்லையோ அந்தச் சரக்கு சந்தைக்கு வராது. இதற்குப் பெரிய பொருளாதாரப் படிப்பு வேண்டியதில்லை, கடைத்தெருவில் ஒரு நாள் நின்றால் போதும். சோதனைக்குக் கூலி கொடுக்காத ஊரில் சோதனை நடக்காது. உதிரிபாகம் மாற்றினால்தான் கூலி என்றால், மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். அது ஏமாற்று கூட இல்லை. நாம் எதற்குச் சம்பளம் கொடுக்கிறோமோ அந்த வேலையைச் செய்கிறார்கள். அவ்வளவுதான்.

அதே ஆள் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்? ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணம் கட்டுகிறார். “ஒண்ணும் இல்லை” என்று ரிப்போர்ட் வந்தால் சந்தோஷப்படுகிறார், பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. உடம்புக்குச் சரி என்பது காருக்கு மட்டும் ஏன் தண்டச் செலவு?

ஒரு கடையில் கல்லாவில் பணம் குறைகிறது என்றால் கணக்குப் பார்ப்பவர் முதலில் என்ன செய்வார்? கடையை விற்கச் சொல்வாரா? பில் புத்தகத்தை எடுத்து வரிசையாகச் சரிபார்ப்பார். காருக்கும் அதே விதிதான்: செலவில்லாத சோதனை முதலில், செலவு உள்ளது கடைசியில். வரிசை இதோ.

1. ராத்திரி முழுவதும் ஆறிய என்ஜினில், காலையில் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள். நிறம் பாருங்கள். துருச் சிவப்பா? எண்ணெய் மிதக்கிறதா? ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். பால் காபி நிறம் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, மேலே ஓட்ட வேண்டாம்.

2. தரையில் ஈரம், ஹோஸ் முனைகளில் காய்ந்த கறை, வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் கசிவு. டார்ச் லைட் போதும்.

3. மூடியின் ரப்பர். நைந்திருந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும். மலிவான சாமான், ஆனால் இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

4. என்ஜினை ஐடிலில் விட்டுக் காத்திருங்கள். ஃபேன் சுற்றுகிறதா? ஏ.சி. போட்டால் சுற்றுகிறதா? அம்பாசடர் மாதிரி பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் பெல்ட் தொய்ந்திருக்கிறதா?

5. மீட்டர் உண்மை சொல்கிறதா? துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வால்வு கூட்டின் மேல் காட்டினால் தெரிந்துவிடும்.

6. மேல் ஹோஸ் கொஞ்ச நேரம் ஆறியிருந்து, பிறகு திடீரென்று சூடானால் வால்வு திறக்கிறது என்று அர்த்தம். திறக்கவில்லை என்றால் சமையலறைச் சோதனை.

7. ரேடியேட்டரின் முன்பக்கம் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? ஏ.சி. கண்டென்சருக்கும் அதற்கும் நடுவில் பாருங்கள், மணல் அங்கேதான் ஒளிந்திருக்கும். சூடானபின் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுக்க நகர்த்தினால், நடுவில் குளிர்ந்த இடம் அடைப்பைக் காட்டிக்கொடுக்கும்.

8. இதெல்லாம் சரி என்றால் மட்டும் கேஸ்கெட். அதற்கும் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து அந்தக் காற்றை இழுத்தால், புகை கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இதைக் கேட்டு வாங்குவது சொந்தக்காரரின் உரிமை.

9. கூலிங் பக்கம் ஒரு குறையும் இல்லையா? இக்னிஷன் டைமிங் தள்ளிப்போயிருக்கலாம். பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருக்கலாம். சைலன்ஸர் அடைத்திருக்கலாம்.

தண்ணீர் மாற்றிய மறுநாளே சூடானால் பதற வேண்டாம். உள்ளே காற்று சிக்கியிருக்கலாம், அதை வெளியேற்றினாலே சரியாகும்.

முதல் நாலுக்கும் வீட்டில் இருக்கும் சாமானே போதும். மீதிக்கும் சேர்த்து ஒரு அரை நாள். அந்த அரை நாளுக்கு மெக்கானிக்குக் கூலி கொடுங்கள். பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் கொடுங்கள்!

“எங்க மெக்கானிக்குக் காதே போதும், சத்தத்தை வெச்சே சொல்லிடுவார்” என்று ஒரு கட்சி உண்டு. மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கை பொன்னான கை. ஆனால் அனுபவம் எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லும். பார்க்கவே வேண்டாம் என்று சொல்லாது. நிஜமான அனுபவசாலி பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“புதுக் கார்ல கம்ப்யூட்டரே சொல்லிடுது” என்பது அடுத்த கட்சி. கம்ப்யூட்டர் சூடு அதிகம் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அந்த ‘ஏன்’ இன்னமும் மனுஷன் வேலைதான்.

இதில் அப்படி என்ன பெரிய விஷயம், ஒரு ஓட்டைக் காருக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். இதில் அடிபடுவது யார் என்று பாருங்கள். புதுக் கார் வாங்கி வாரண்டியில் ஓட்டுபவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பழைய மாருதி 800-ம், ஐகானும், அம்பாசடரும் வைத்திருப்பவர்தான் அடிபடுகிறார். ஏற்கெனவே 15 வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்கும் பதிவுக் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். பழைய கார் வைத்திருப்பதே ஒரு குற்றம் போல ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில், நன்றாக ஓடக்கூடிய வண்டியையும் ஒரு பச்சை பூத்த வயருக்காகக் கொல்வது யாருக்கு லாபம்? காயலான் கடைக்கும், புதுக் கார் லோன் கொடுப்பவருக்கும்தான்.

அதுவும் எந்த மண்ணில்! 1985-ல் ரோவர் காரின் உடம்புக்குள் பழைய வேன்கார்டு என்ஜினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ விட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இருந்தது வண்டலூரில். ஃபோர்டு இருந்தது மறைமலைநகரில். 2021-ல் மூடப்போவதாக அறிவித்து 2022-ல் கடைசிக் காரை அங்கிருந்து அனுப்பினார்கள். 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் இதே வட்டாரத்தில்தான் பூட்டப்படுகின்றன. கம்பெனிகள் வரும், போகும். ஸ்டாண்டர்டு போனது, ஹெரால்டு கார்கள் அநாதையாகின. ஃபோர்டு போனது, ஐகான்கள் அநாதையாகின. போன கம்பெனி நம் கார்களைப் பார்த்துக்கொள்ளாது. பார்த்துக்கொள்ள இருப்பது ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து ஒர்க்‌ஷாப்பும், அதற்கு வண்டியை ஓட்டிப் போகும் நாமும்தான். அரை நூற்றாண்டாகக் கார் செய்யத் தெரிந்த ஊருக்கு, ஒரு கார் ஏன் சூடாகிறது என்று பொறுமையாகக் கேட்கத் தெரியாதா?

அடுத்த முறை பரனூரில் ஒரு பழைய கார் ஆவி விட்டு நிற்பதைப் பார்த்தால், தயவுசெய்து வைத்தியம் சொல்லாதீர்கள். “எப்பல இருந்துங்க? நின்னா சூடாகுதா, ஓடினா சூடாகுதா?” என்று கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பி.கு: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். முகத்தில் அடிக்கும் ஆவிக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். கொதிக்கிற என்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். அதுவரை அந்தப் பாட்டில் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் :-)